நாற்காலி இல்லாத பிரதி

பதிப்பகத்தில் எல்லோரும் அவளைப் பிழை அக்கா என்றுதான் அழைப்பார்கள். அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துவது அவள் வேலை; அதனால் வந்த பெயர். புதிதாகச் சேருகிறவர்கள் ஒரு நாள் கூச்சப்படுவார்கள். மறுநாள் மாடிப்படியில் நின்று முதலாளி "பிழை எங்கே?" என்று தொண்டை கிழியக் கத்துவதைக் கேட்டதும் கூச்சம் விட்டுப்போகும்.

முதலாளி அந்தப் பதிப்பகத்தின் மூன்றாம் தலைமுறை. தாத்தா தொடங்கினார், அப்பா வளர்த்தார், இவர் வைத்திருக்கிறார். மேடை கிடைத்தால் "நாங்கள் விற்பது நூல்களை அல்ல, நாகரிகத்தை" என்பார். அந்த நாகரிகம் சில வருஷங்களாகக் கீழ்த்தளக் கிடங்கில் கட்டுக்கட்டாகத் தூசி தின்றுகொண்டிருந்தது. ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில், இனி எல்லோரும் செல்போனில்தான் படிப்பார்கள் என்று யாரோ யாரிடமோ சொன்னது முதலாளியின் காதில் விழுந்தது. மறுநாளே டிஜிட்டல் பிரிவு ஆரம்பமாகிவிட்டது. பிரிவு என்றால் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேசை, பிழை அக்கா. அவளை ஏன் தேர்ந்தெடுத்தார் என்றால், முந்தின வாரம் அவருடைய செல்போன் உறைந்து நின்றபோது அதை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டவள் அவள். அந்த அற்புதத்தை அவரால் மறக்க முடியவில்லை. 'டிஜிட்டல் பாதுகாப்புத் தலைவி' என்று கதவில் பலகை மாட்டினார். சம்பளம் மட்டும் பலகையைப் பார்க்கவில்லை. பழைய இடத்திலேயே இருந்தது.

பாதுகாப்பு யாரிடமிருந்து என்றால், ஞானவள்ளலிடமிருந்து. அந்தப் பெயரில் எவனோ ஒருவன் இணையத்தில் ஒரு குழு நடத்திவந்தான். பதிப்பகம் எந்த மின்னூலை வெளியிட்டாலும் அன்று மாலைக்குள் அது அவனுடைய குழுவில் இலவசமாக வந்துவிடும். கூடவே ஒரு ரோஜாப்பூப் படமும், 'அறிவு அனைவருக்கும் பொது. இனிய மாலை வணக்கம்' என்ற வாசகமும். ஊரில் பாதிப் பேர் அந்தக் குழுவில் இருந்தார்கள். மீதிப் பாதிக்கு இந்தப் பாதி அனுப்பிவைத்தது.

முதலாளி முதலில் பூட்டுப் போட்டார். மின்னூலின் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு கடவுச்சொல். அந்தச் சொல் அச்சுப் புத்தகத்தின் ஏதோ ஒரு பக்கத்தில், ஏதோ ஒரு வரியில் இருக்கும். ஆக, மின்னூலைப் படிக்க வேண்டுமென்றால் அச்சுப் புத்தகத்தையும் வாங்கிப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ள வேண்டும். "ஒரு வாசகன், ரெண்டு விற்பனை!" என்று முதலாளி பூரித்துப்போனார். அடுத்ததாக, மூன்று முறை தவறாகத் தட்டினால் நூல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் என்று ஓர் ஏற்பாடு செய்தார். திருட்டு எச்சரிக்கையைத் தம் கைப்படவே எழுதினார். அது எழுத எழுத வளர்ந்து, ஒரு கவிதைத் தொகுப்பில் கவிதைகளைவிட நீளமாகப் போய்விட்டது. விமர்சகர் ஒருவர் தொகுப்பின் சிறந்த கவிதை அதுதான் என்று எழுதினார்.

வாசகர்களின் கருத்து தொலைபேசியில் வந்தது.

"ஹலோ, பதிப்பகமா? உங்க மின்னூல் வாங்கினேங்க."

"சொல்லுங்க சார்" என்றாள் பிழை அக்கா.

"ரெண்டாவது அத்தியாயத்துக்கு மேல போக விட மாட்டேங்குது. நீ யாருன்னு என்னையே கேக்குது."

"கடவுச்சொல் போட்டீங்களா சார்?"

"போட்டேனே. திருடன்னு திட்டுது. காசு கட்டினவன்மா நான். சரி, கோவிச்சுக்காதீங்க, அந்தத் திருட்டுப் பிரதி உங்ககிட்ட ஒண்ணு இருந்தா அனுப்பறீங்களா? அது நல்லாத் திறக்குதாமே."

இதைப் போய் முதலாளியிடம் சொன்னாள். அவர் யோசித்துவிட்டு, "அந்த ஆளு மேல ஒரு கண்ணு இருக்கட்டும்" என்றார்.

பொறி வரி என்ற யோசனை பிழை அக்காவுடையது. வெளியீட்டுக்கு முன் சில பேருக்கு மட்டும், அதே பூட்டுப் போட்ட மின்னூலாக, முன்பிரதி அனுப்புவது பதிப்பகத்தின் வழக்கம். ஒவ்வொருவர் பிரதியிலும் ஒரே ஒரு வரியை மட்டும் வேறுவேறாக மாற்றிவைத்துவிட்டால், திருட்டுப் பிரதியில் எந்த வரி இருக்கிறது என்று பார்த்தே அது யார் வீட்டிலிருந்து போனது என்று சொல்லிவிடலாம். முதலாளி இதைக் கேட்டுவிட்டு அறைக்குள் இரண்டு முறை நடந்தார். நாலாவது அடியில் அது அவருடைய யோசனையாகிவிட்டது.

"யாருக்கு எந்த வரின்னு எங்கேயும் எழுதி வைக்காத. எழுதி வெச்சா அதையும் எடுத்துக் குழுவுல போட்டுருவான். எல்லாம் உன் மண்டைக்குள்ளயே இருக்கட்டும். உன் மண்டையை எவனும் திருட மாட்டான்" என்றார்.

பொறி வைக்கக் கிடைத்த முதல் நூல், 'மௌனத்தின் முதுகெலும்பு'. எழுதியவர் மகா சார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அழைப்பிதழ்களில் பெயருக்கு முன்னால் 'மகா' என்று தொடங்கும் பட்டங்கள் மூன்று வரிக்கு ஓடுவதால், பதிப்பகத்தில் யாருக்கும் அதைத் தாண்டிப் போகப் பொறுமை இருந்ததில்லை. நாவலின் ஒன்பதாம் அத்தியாயத்தில் நாயகனின் மனைவி கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறாள். அதற்கு முந்தின அத்தியாயம் முழுக்க மகா சார் கதவின் கீலை வர்ணித்திருந்தார். அதில் களைத்துப்போய்விட்டார் போலிருக்கிறது. மனைவி போகும் இடத்தில் "அவள் போனாள்" என்று இரண்டே சொல்லில் கடையைக் கட்டிவிட்டார். யார் கண்ணும் நிற்காத இடம். பிழை அக்கா அங்கேதான் பொறி வைத்தாள்.

முதலாளியின் பிரதியில் அவள் குடையை எடுத்துக்கொண்டு போனாள். விமர்சகரின் பிரதியில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனாள். அட்டை ஓவியரின் பிரதியில் விளக்கை அணைத்துவிட்டுப் போனாள். கடைசியாகத் தன் பிரதிக்கு வந்தபோது பிழை அக்காவுக்கு அவசரம் இல்லை. அவள் பிரதியை அவளைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை. இருபது வருஷமாக மற்றவர்களின் வாக்கியங்களுக்குச் சளி துடைத்துவிட்டவள், முதல் தடவையாகச் சொந்தமாக ஒன்றை எழுதினாள்.

'அவள் போன பிறகும் கொஞ்ச நேரம் நாற்காலி அவளை உட்காரவைத்திருந்தது.'

எழுதிவிட்டுச் சுற்றும்முற்றும் பார்த்தாள். காது சூடானது. அழித்துவிடலாமா என்று விரல் போனது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

வெளியீட்டு விழாவுக்கு ஒரு வாரம் இருந்தபோது முதலாளி படிகளில் தடதடவென்று இறங்கி வந்தார். கையில் செல்போன், அதில் ரோஜாப்பூ.

"போட்டுட்டான்! புத்தகம் இன்னும் கடைக்கே போகல, அதுக்குள்ள போட்டுட்டான்! உன் பொறியில எலி விழுந்துருச்சு பிழை. யாருன்னு பாரு. எவன் பிரதியோ, அவன் பேரை விழா மேடையில நானே சொல்றேன். அப்புறம் இந்தக் கட்டடத்துக்குள்ள அவன் நிழல்கூட விழக் கூடாது. சொந்தக்காரனா இருந்தாலும் சரி, சம்பளக்காரனா இருந்தாலும் சரி."

அவர் போனதும் பிழை அக்கா கோப்பைத் திறந்து ஒன்பதாம் அத்தியாயத்துக்குப் போனாள்.

நாற்காலி உட்கார்ந்திருந்தது.

வேலை போய்விடும் என்பது ஒரு பக்கம். புருஷன் வெளியூரில் சம்பாதிப்பது வீட்டு வாடகைக்கும் அவனுடைய சாப்பாட்டுக்கும் சரியாக இருந்தது. மற்றதெல்லாம் இந்த மேசையிலிருந்துதான் போனது. இன்னொரு பக்கம், குழுவில் அந்த நூலுக்குக் கீழே வந்து குவிந்த கருத்துகள். 'அந்த நாற்காலி!!!' என்று ஒருவர். 'நாற்காலி வரியைப் படித்துவிட்டு என் வீட்டு நாற்காலியைப் பார்க்கவே பயமாக இருக்கிறது' என்று ஒருவர். சாயங்காலச் சூரியன் படத்தின் மேல் அந்த வரியைப் பொறித்துப் போட்டிருந்தார் ஒருவர். தேவைக்கு மேல் வெகு தூரம் அவள் படித்துக்கொண்டே போனாள்.

அன்று கொஞ்சம் முன்னதாகவே வீட்டுக்குப் போனாள். அவள் பிரதி வீட்டு டேப்லெட்டில்தான் இருந்தது. பூட்டை அவளே திறந்து வைத்திருந்தாள். அந்த டேப்லெட்டில் மாமியார் தொடர் பார்ப்பார். மாமனார் வரித்துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். தினமும் காலையில் சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, டேப்லெட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கேட்டால் "வேலை" என்பார். ஓய்வுபெற்றவரின் மனசைப் புண்படுத்த வேண்டாம் என்று வீட்டில் யாரும் அதற்கு மேல் கேட்டதில்லை.

"மாமா, ஞானவள்ளல்னு ஒருத்தர்..." என்று ஆரம்பித்தாள்.

மாமனாரின் முகம் மலர்ந்தது. "அட, உங்க ஆபீஸ் வரைக்கும் தெரிஞ்சிருச்சா?"

"நீங்கதானா மாமா?"

"நான் வெளியில சொல்லிக்கறதில்லம்மா. கொடுக்கறது தெரியாமக் கொடுக்கணும்."

"மாமா, அது திருட்டு."

"திருட்டா? யார் வீட்டுக்காவது ஓடு பிரிச்சு இறங்கினேனா? நம்ம வீட்டு டேப்லெட், நம்ம வீட்டு மருமக, நம்ம வீட்டு மின்சாரம். இதுல எங்கிருந்து வந்தது திருட்டு?"

"முந்தின புத்தகமெல்லாம்?"

"நீதானே ஒவ்வொண்ணா வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டைத் திறந்து வெச்ச. எனக்காகத்தான் வெக்கறேன்னு நினைச்சேன். மருமகளாச்சே, வாய் விட்டுச் சொல்லக் கூச்சப்படறான்னு." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. உங்க எச்சரிக்கைப் பக்கம் ரொம்ப நீளம். நான் வெட்டிட்டுத்தான் போடறேன். ஜனங்க பாவம்."

சமையலறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "வீட்ல இவர் பேசினா நாய்கூடக் கேக்கறதில்ல. அதான் வெளியில போய் அத்தனை பேரைப் பிடிச்சு வெச்சிருக்காரு. விடும்மா, பொழுது போகுது அவருக்கு."

"அத்தை, என் வேலை போயிரும்."

கரண்டிச் சத்தம் நின்றது. மாமியார் வெளியே வந்து புருஷனை மேலும் கீழும் பார்த்தார். "ஏங்க, வரித்துறையில இருந்த வரைக்கும் அடுத்தவங்க வீட்டுப் பொழப்பைக் கெடுத்தீங்க. இப்போ வீட்லயே ஆரம்பிச்சாச்சா?"

மாமனார் அந்தக் கேள்வியை வருத்தத்தோடு மன்னித்தார். "நான் வேணா உங்க முதலாளிகிட்ட வந்து பேசறேன். படிச்சவர்தானே, புரிஞ்சுக்குவார்" என்றார்.

வேண்டவே வேண்டாம் என்று பிழை அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்த வாரம் முழுக்க அவளால் நாற்காலியிடமிருந்து தப்ப முடியவில்லை. பஸ்ஸில் இரண்டு பெண்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். மரச்சாமான் கடை ஒன்று வரியை அப்படியே பலகையில் எழுதி, கீழே தள்ளுபடி விவரம் போட்டது. விமர்சகர் பத்திரிகையில் ஒரு முழுப் பக்கம் எழுதினார். 'இந்த ஒரு வரிக்காக மற்ற நானூறு பக்கங்களை மன்னிக்கலாம்' என்று முடித்திருந்தார். அவருக்கு அனுப்பிய பிரதியில் இருந்தது செருப்பு. ஆக, அவரும் அனுப்பிய பிரதியைத் திறக்கவே இல்லை. மூன்று தடவை தவறாகத் தட்டி அதை அழித்துவிட்டு, வள்ளலிடம் போயிருக்கிறார்.

மகா சாருக்குப் பேட்டிமேல் பேட்டி. ஒன்றில், அந்த வரி வந்தபோது தனக்குக் கடும் ஜுரம் என்றார். இன்னொன்றில், ரயில் நிலையக் காத்திருப்பு அறையில் கண்ட ஒரு நாற்காலி தன்னைப் பல வருஷம் துரத்தியது என்றார். மூன்றாவதில், அந்த ஒரு வரிக்காக மாதக்கணக்கில் எதிலும் உட்காராமல் நின்றுகொண்டே வாழ்ந்ததாகச் சொன்னார். பேட்டி எடுத்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகா சார் தம்முடைய நாவலை எழுதி முடித்த பிறகு ஒரு தடவைகூடத் திரும்பப் படித்ததில்லை என்பது பிழை அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அவருக்காக அதைப் படிப்பதுதானே அவள் வேலை.

விழாவுக்கு முந்தின நாள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து முதலாளியின் அறைக்குப் போனாள்.

"சார், அந்தப் பிரதி யாருதுன்னு..."

"உட்காரு. 'அவள் போன பிறகும் கொஞ்ச நேரம்...'" முதலாளி கண்ணை மூடிக்கொண்டு முழு வரியையும் சொன்னார். "இப்படி எழுதற மனுஷனையா கொள்ளையடிக்கறானுங்க?"

"சார், இந்த வரியை நீங்க எந்தப் பிரதியில படிச்சீங்க?"

"இதென்ன கேள்வி? என் பிரதியிலதான்."

அவர் பிரதியில் இருந்தது குடை. அந்தப் பிரதியும் வந்த அன்றே தன்னைத்தானே அழித்துக்கொண்டுவிட்டது.

"நீ கண்டுபிடிக்க லேட்டாகுதுன்னு நானே கண்டுபிடிச்சுட்டேன்" என்றார் முதலாளி. "குடுமி."

குடுமி என்றால் அட்டை ஓவியர். முடியை வளர்த்துப் பின்னால் கட்டியிருப்பார். வாய் திறந்து பேசாதவர். போன மாதம்தான் அவருக்குக் குழந்தை பிறந்திருந்தது.

"அவர் இல்ல சார்."

"முடியைப் பாத்தாலே தெரியல? நாளைக்கு மேடையில நான் கூப்பிடுவேன், நீ வந்து பொறியைப் பத்தி ரெண்டு வார்த்தை விளக்கு. பேரை நான் சொல்லிக்கறேன்."

"சார், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

செல்போன் அடித்தது. முதலாளி அதை எடுத்து, "ஆமா, நாகரிகம்தான், நாகரிகம்தான்" என்று ஆரம்பித்துவிட்டார். வெளியே போ என்று கையை ஆட்டினார்.

விழா மண்டபம் நிரம்பி வழிந்தது. இத்தனை கூட்டம் மகா சாருக்கு வந்ததே இல்லை. அவருடைய முந்தின விழாவில் மேடையில் இருந்தவர்கள்தான் பெரும்பான்மை. வாசலில் அச்சுப் பிரதிகளை மலைபோல் அடுக்கி வைத்திருந்தார்கள். வந்தவர்கள் ஏற்கெனவே இலவசமாகப் படித்துவிட்டு, அந்த வரியைக் காகிதத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே ஆளுக்கொன்று வாங்கினார்கள். முதலாளிக்கு இது புரியவில்லை. என்றாலும் கல்லாவைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தார். மூன்றாம் வரிசையில் தேய்த்த சட்டையில் மாமனார். வர வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். "வாசகனா வர்றேன், அதுக்கு யார் அனுமதி வேணும்?" என்று கேட்டுவிட்டு அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். கடைசி வரிசையில் குடுமி, மடியில் குழந்தையோடு.

விமர்சகர் அந்த வரியைக் கண்ணை மூடிச் சொன்னார். மகா சார் கண்ணைத் துடைத்தார். பிறகு முதலாளி எழுந்து திருட்டைப் பற்றி முழங்கிவிட்டு, "இப்போது எங்கள் டிஜிட்டல் பாதுகாப்புத் தலைவி!" என்றார்.

பிழை அக்கா மைக்கைப் பிடித்தாள். பொறி வரி என்றால் என்ன என்று விளக்கினாள். கூட்டம் ரசித்துத் தலையாட்டியது. முதலாளி குடுமி இருந்த பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினார்.

"வெளியில போன பிரதியில நாற்காலி வரி இருக்கு" என்றாள் அவள். "அந்த வரி ஒரே ஒரு பிரதியிலதான் உண்டு. அது என் பிரதி. என் வீட்டுல இருந்துதான் போச்சு. வேற யார் மேலயும் தப்பு இல்ல. அந்த வரியை எழுதினது நான்தான்."

எல்லாத் தலைகளும் மகா சார் பக்கம் திரும்பின.

மாமனார் எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "பெரியோர்களே, ஞானவள்ளல் நான்தான்!" என்று கைகூப்பினார். கைதட்டுக்காகக் கொஞ்சம் இடைவெளியும் விட்டார். பின்னாலிருந்து ஒருவர், "மறைக்குது, உட்காருங்க பெரியவரே" என்றார். எல்லோரும் மகா சாரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மகா சார் மெல்ல எழுந்தார். மேல்துண்டு நழுவி விழுந்தது, எடுக்கவில்லை. "இந்த அம்மா நல்லவங்க" என்றார் கனிவோடு. "என் எழுத்தை வருஷக்கணக்கா இரவு பகலாப் படிக்கறாங்க. அப்படிப் படிக்கறவங்களுக்கு ஒரு கட்டத்துல தாங்களே எழுதின மாதிரி தோணிப்போகும். பெரிய இலக்கியத்துக்கு அந்தச் சக்தி உண்டு. நான் வருத்தப்படல. அந்த வரி என்னுடையது. எல்லாப் பிரதியிலும் உண்டு. நீங்களே பாருங்க!"

எல்லோரும் பார்த்தார்கள். மண்டபம் முழுக்கத் தாள் புரளும் சத்தம் எழுந்தது. முதலில் ஒருவர், பிறகு நாலு பேர், பிறகு மொத்தக் கூட்டமும்.

"இதுல நாற்காலி இல்லையே!"

"என்னோடதுலயும் இல்ல! அவள் போனாள்னு மொட்டையா நிக்குது!"

"டூப்ளிகேட் புத்தகத்தை விக்கறீங்களாய்யா?"

"வள்ளல் பிரதியில சரியா இருக்கே! இலவசமாக் கொடுக்கறவன் ஒழுங்காக் கொடுக்கறான், காசு வாங்கறவன் வரியை முழுங்கறானா?"

முதலாளிக்கு வியர்த்துக் கொட்டியது. எதிரே ஒரு பக்கம் மகா சார், ஒரு பக்கம் வாசலை நோக்கிக் கிளம்பும் கூட்டம், வாசலில் கல்லா. பிழை அக்கா சொன்னது உண்மையென்று வைத்தால் மகா சார் பொய்யர். மகா சார் சொன்னது உண்மையென்று வைத்தால் அச்சான புத்தகம் மொத்தமும் குறைப்பிரசவம். சரிபார்க்கலாம் என்றால் மற்ற முன்பிரதிகள் ஒன்றுகூட உயிரோடு இல்லை. எல்லாவற்றையும் அவருடைய பூட்டே தின்றுவிட்டது. அவர் ஒரு முடிவுக்கு வந்து மைக்கைப் பறித்தார்.

"அமைதி! அமைதி! இது அச்சுப்பிழை!"

"யார் பொறுப்பு?" என்று கூட்டம் கேட்டது.

முதலாளி திரும்பினார். மகா சார் திரும்பினார். விமர்சகரும் திரும்பினார். பிழை அக்கா மேடையின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"இலக்கியத்தின் மகத்தான ஒரு வரியை" என்றார் முதலாளி, அவளை நோக்கி விரலை நீட்டி, "இருபது வருஷ அனுபவம் உள்ள நீ எப்படி விட்ட?"

"சார், நான் விடல. அதை நான்தான்..."

"எதிர்த்துப் பேசாத!"

"சார், பிரதி என் வீட்டுல இருந்து போனது..."

"அதை இப்போ யார் கேட்டா? அங்க ஒழுங்காத்தானே போயிருக்கு! இங்கதானே வரி காணோம்!"

மூன்றாம் வரிசையில் இன்னும் நின்றுகொண்டிருந்த மாமனாரிடம் முதலாளி அவசரமாக மேடையிலிருந்து இறங்கிப் போய்க் குனிந்தார். "ஐயா, உங்ககிட்ட இருக்கற கோப்பைக் கொஞ்சம் அனுப்பினீங்கன்னா, அடுத்த பதிப்பு அதை வெச்சே போட்டுருவோம்."

"குழுவுல சேர விண்ணப்பம் போடுங்க. பாத்துட்டுச் சேர்த்துக்கறேன்" என்றார் மாமனார். "தினமும் காலை வணக்கம் சொல்லணும். சொல்லாதவங்களை நீக்கிடுவேன்."

முதலாளி செல்போனை எடுத்து அங்கேயே விண்ணப்பித்தார்.

பிழை அக்காவுக்குத் தண்டனை உடனே அறிவிக்கப்பட்டது. வேலையிலிருந்து நீக்க முடியாது. நீக்கினால் யார் சரிசெய்வது? விற்ற பிரதி, விற்காத பிரதி, கிடங்கில் கிடக்கும் பிரதி எல்லாவற்றிலும் விட்டுப்போன வரியை அவள் கைப்பட எழுத வேண்டும். முடியும் வரை வேறு வேலை பார்க்கக் கூடாது. மண்டபத்தின் வாசலருகே ஒரு மேசையைப் போட்டு, பேனாவைக் கையில் கொடுத்து உட்காரவைத்தார்கள். எதிர்ப்பக்கம் மகா சாருக்குக் கையெழுத்துப் போட ஒரு மேசை, பூச்சாடியோடு.

வரிசை பிழை அக்காவின் மேசையிலிருந்து கிளம்பி, மண்டபத்தைச் சுற்றி, படியிறங்கித் தெருவுக்குப் போனது. குடுமி முதல் ஆளாக நின்றார். குழந்தையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு புத்தகத்தை நீட்டினார். "தேங்க்ஸ்க்கா" என்றார். அவர் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் 'அவள் போனாள்' என்பதை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினாள். அடுத்தது. அடுத்தது. எழுத எழுதக் கை பழகியது. கொஞ்ச நேரத்தில் பழைய வியாதியும் தலைதூக்கியது. ஒரு பிரதியில் எழுதிவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். 'கொஞ்ச நேரம்' வேண்டுமா? எவ்வளவு நேரம் என்று நாற்காலிக்கு எப்படித் தெரியும்? அடுத்த பிரதியில் அதை எடுத்துவிட்டாள். 'அவள் போன பிறகும் நாற்காலி அவளை உட்காரவைத்திருந்தது.' இன்னும் நன்றாக இருந்தது.

"ஏம்மா, முன்னாடி இருந்தவருக்குக் 'கொஞ்ச நேரம்'னு போட்டீங்க, எனக்கு இல்லையே?" என்று கேட்டாள் வரிசையில் நின்ற ஒரு பெண். ஆஸ்பத்திரிச் சீருடையில் இருந்தாள்.

"திருத்திட்டேன்" என்றாள் பிழை அக்கா.

அந்தப் பெண் வரியை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "ஆமா, இதுதான் சரி" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

எதிர் மேசையில் மகா சார் பேனா மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்டார். கொஞ்சம் கழித்து மகா சார் எழுந்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு பிரதியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். மேசையின் மேல் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, எனக்கும் ஒண்ணு எழுதிக் கொடுத்துரு. நாளைக்கு டிவியில வாசிக்கணுமாம். வார்த்தை வார்த்தையாச் சரியா ஞாபகம் வரல."

பிழை அக்கா எழுதுவதை நிறுத்தவில்லை.

"வரிசையில வாங்க சார்" என்றாள்.

மகா சார் வரிசையைப் பார்த்தார். அது தெருவில் வளைந்து எங்கோ போய்க்கொண்டிருந்தது. மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினார். நடுவில் ஓர் இடைவெளி தெரிந்து அதில் நுழையப் பார்த்தார்.

"சாரே, முண்டாதீங்க" என்றார் அங்கே நின்றவர். "எல்லாரும் நாற்காலிக்குத்தான் நிக்கறோம்."

மகா சார் நடந்துகொண்டே இருந்தார்.